கண் திறந்தால் போதுமா?

கோமா என்ற சொல்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சினிமாவிலும் பார்த்திருக்கிறோம். கதாநாயகன் பல வருடம் படுத்துக் கிடப்பான். மனைவி வந்து ஒரு பாட்டுப் பாடுவாள். உடனே அவன் கண் திறப்பான். எழுந்து உட்காருவான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான்.

உண்மை அப்படி இல்லை. கோமாவிலிருந்து யாரும் ஒரே நொடியில் எழுந்து வருவதில்லை. படிப்படியாகத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு படியும் மிகச் சிறியது. சில படிகள் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் மனைவி. சில வீடுகளில் கணவர்.

அவர் என்ன செய்யலாம்? என்ன செய்யக் கூடாது? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். கணவர் படுத்திருக்கிறார், மனைவி பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துச் சொல்கிறோம். மனைவி படுத்திருந்தாலும் செய்ய வேண்டியது இதேதான்.

கோமா என்றால் என்ன?

தூக்கம் வேறு. கோமா வேறு. தூங்குபவரைத் தட்டினால் எழுவார். கோமாவில் இருப்பவரைத் தட்டினாலும், கூப்பிட்டாலும், கிள்ளினாலும் எழ மாட்டார். கண் திறக்க மாட்டார். சொன்னதைச் செய்ய மாட்டார்.

ஆனால் அவருடைய மூளை சாகவில்லை. மூளைச் சாவு என்பது வேறு. அதில் மூளை முழுவதும் நின்றுவிடுகிறது. அதிலிருந்து யாரும் திரும்பி வருவதில்லை. கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது. சரியாக வேலை செய்ய முடியாமல் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கோமா ஏன் வருகிறது?

காரணங்கள் பல. சாலை விபத்தில் தலையில் அடிபடுவது. சாரத்திலிருந்தோ மரத்திலிருந்தோ விழுவது. பக்கவாதம். மூளைக்காய்ச்சல். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை அளவு மிகவும் குறைந்துபோவது. பூச்சி மருந்து குடிப்பது.

தலையில் அடிபட்டால் என்ன நடக்கிறது? காலில் அடிபட்டால் கால் வீங்குகிறது. அதுபோல மூளையும் வீங்குகிறது. கால் வீங்கினால் வெளியே புடைக்க இடம் உண்டு. மூளையைச் சுற்றி மண்டை ஓடு இருக்கிறது. வீங்க இடம் இல்லை. அதனால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் ரத்தம் போவது குறைகிறது. மூளை இன்னும் கெடுகிறது.

இதைத் தடுக்கச் சிலருக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். மண்டை ஓட்டில் ஒரு துண்டு எலும்பை எடுத்துவிடுகிறார்கள். மூளைக்கு வீங்க இடம் கிடைக்கிறது. எடுத்த எலும்பைச் சில இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைக்கிறார்கள். வீக்கம் வடிந்த பிறகு, சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்பப் பொருத்துகிறார்கள். அதுவரை தலையில் அந்த இடம் பள்ளமாகவோ மேடாகவோ இருக்கும். அந்த இடத்தை அழுத்தக் கூடாது. அந்தப் பக்கமாகப் படுக்க வைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாட்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் முறை பார்க்கும்போது பயமாக இருக்கும். உடம்பெல்லாம் குழாய். ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தால் பயம் குறையும்.

வாய் வழியாகப் போகும் குழாய் மூச்சுக்கு. மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழாய் சாப்பாட்டுக்கு. கீழே தொங்கும் பை சிறுநீருக்கு. நாள் அதிகம் ஆனால் தொண்டையில் ஒரு துளை போட்டு, மூச்சுக் குழாயை அதில் வைப்பார்கள். இதைப் பார்த்து, "எல்லாம் முடிந்துவிட்டது" என்று அழுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. அது வாய்க் குழாயைவிட நோயாளிக்குச் சுகமானது. சளி எடுக்க வசதியானது. தேறியதும் பலருக்கு அதை எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. முதல் சில நாட்கள் டாக்டர்களே மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கலாம். மூளைக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக. "தூக்க மருந்து ஓடுகிறதா?" என்று கேளுங்கள். ஓடுகிறது என்றால், கண் திறக்கவில்லையே என்று அன்றைக்குக் கவலைப்பட வேண்டாம்.

3 முதல் 15 வரை

நோயாளியின் சீட்டில் ஈ, வி, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் பக்கத்தில் எண்களையும் பார்க்கலாம். இது நினைவை அளக்கும் கணக்கு. 1974ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் இதை உண்டாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் இதே கணக்குதான்.

ஈ என்பது கண். அதற்கு 4 மார்க். வி என்பது பேச்சு. அதற்கு 5 மார்க். எம் என்பது கை கால் அசைவு. அதற்கு 6 மார்க். மொத்தம் 15. ஒன்றுமே இல்லை என்றாலும் ஒவ்வொன்றுக்கும் 1 உண்டு. ஆகவே மிகக் குறைவு 3. கூட்டினால் 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலைமை மிகக் கடுமை என்று பொருள். குழாய் இருப்பதால் பேச முடியாதவருக்குப் பேச்சு மார்க்கின் இடத்தில் டி என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள்.

எண் தெரிந்தவர் இதைப் படிக்கலாம். "நேற்று எம் 4. இன்று எம் 5. இது நல்லதுதானே?" என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்பவருக்கு டாக்டரும் விளக்கமாகச் சொல்வார்.

நினைவு வரும் படிகள்

கோமா பெரும்பாலும் சில நாள் முதல் சில வாரம் வரை இருக்கும். அதன் பிறகு பலர் கண் திறக்கிறார்கள். இங்கேதான் குடும்பம் ஏமாந்து போகிறது. கண் திறந்துவிட்டார், பிழைத்துவிட்டார் என்று இனிப்புக் கொடுக்கிறார்கள். ஆனால் அவர் யாரையும் பார்ப்பதில்லை. கண் திறப்பது முதல் படி மட்டுமே.

அடுத்த படி, கண் ஆளைத் தொடர்ந்து வருவது. அடுத்தது, சொன்னதைச் செய்வது. "கையை அழுத்துங்கள்" என்றால் அழுத்துவார். ஒரு முறை செய்வார். மறு முறை செய்ய மாட்டார். அடுத்தது பேச்சு. அதன் பின் குழப்பம், மறதி, கோபம். அதன் பின் மெதுவாகத் தெளிவு.

எல்லோரும் எல்லாப் படியும் ஏறுவதில்லை. சிலர் நடுப் படியில் நின்றுவிடுகிறார்கள். மத்திய அமைச்சராக இருந்த பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 2008ஆம் ஆண்டு நினைவிழந்தார். நல்ல மருத்துவம் கிடைத்தது. ஆனாலும் தேறவில்லை. 2017ஆம் ஆண்டு காலமானார். ஆகவே யாராவது, "இத்தனை ரூபாய் கொடு, இத்தனை நாளில் எழுப்புகிறேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அப்படி யாராலும் சொல்ல முடியாது.

ஓர் அக்கா எழுதிய நோட்டு

பெங்களூருவில் எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஓர் அக்கா வருவார். தருமபுரிப் பக்கத்து ஊர். கணவருக்கு சென்ட்ரிங் வேலை. ஒரு நாள் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி. கோமா.

அக்கா அப்போதுதான் எழுதப் பழகியிருந்தார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தினமும் ஓரிரு வரி எழுதினார். அதிலிருந்து சில வரிகள்:

9ஆம் நாள். தூக்க மருந்து நிறுத்தினார்கள்.
10ஆம் நாள். தொண்டையில் துளை.
19ஆம் நாள். கண் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை.
26ஆம் நாள். நான் நடந்தேன். கண் என் பின்னால் வந்தது.
33ஆம் நாள். காலை 7 மணி. விரலை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். மறுபடி சொன்னேன். அழுத்தினார்.
33ஆம் நாள். 11 மணி. டாக்டர் வந்தார். அழுத்தவில்லை.
34ஆம் நாள். காலை அழுத்தினார். 11 மணிக்கு அழுத்தவில்லை.

டாக்டர் சீட்டில், "சொன்னதைச் செய்யவில்லை" என்று எழுதியிருந்தது. அக்கா நோட்டைக் காட்டினார். டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் படித்துச் சொன்னார். மறுநாள் டாக்டர் காலை 7 மணிக்கே வந்தார். கன்னடத்தில் சொன்னார். அசைவில்லை. அக்கா தமிழில், "ஏங்க, என் விரலை அமுக்குங்க" என்றார். அழுத்தினார். "விடுங்க" என்றார். விட்டார். சீட்டில் எம் 6 ஆனது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. மூளை அடிபட்டவர் சீக்கிரம் களைத்துப் போவார். ஒரு நேரம் தெளிவாக இருப்பார். ஒரு நேரம் மங்கிப் போவார். டாக்டர் வந்து நிற்பது ஐந்து நிமிடம். நாள் முழுக்க இருப்பவர் நீங்கள்தான். இரண்டாவது, அவருக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். அன்று முதல் அவருக்குப் பயிற்சி நேரத்தைக் காலையில் மாற்றினார்கள்.

நோட்டில் என்ன எழுதலாம்? தேதி, நேரம். என்ன சொன்னோம், என்ன செய்தார். ஒரு முறையா, பல முறையா. காய்ச்சல், வலிப்பு, வாந்தி. டாக்டர் சொன்னது. நாளை கேட்க வேண்டிய கேள்வி. எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஆசைப்பட்டதை எழுதாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

கை கழுவுங்கள். அவரைத் தொடும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பேசுங்கள். அவருக்குக் கேட்கலாம். இங்கிலாந்தில் 23 வயதுப் பெண் ஒருவர் விபத்தில் அடிபட்டார். கண் திறந்திருந்தார். ஆனால் எந்த அசைவும் இல்லை. "டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள்" என்று சொல்லி அவர் மூளையை ஸ்கேன் செய்தார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு எந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடம் அவருக்கும் வேலை செய்தது. 2006ஆம் ஆண்டு இது வெளியானது. எல்லோருக்கும் இப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் யாருக்குக் கேட்கிறது என்பது வெளியே தெரியாது. ஆகவே அவர் தலைமாட்டில் நின்று, "இனி தேற மாட்டார்", "செலவு தாங்கவில்லை" என்று பேசாதீர்கள்.

எப்படிப் பேசுவது? உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். "இப்போது உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வீட்டுச் செய்தி சொல்லுங்கள். பிள்ளைகள் குரலை செல்போனில் பதிவு செய்து கேட்க வையுங்கள். கொஞ்ச நேரம் போதும். பிறகு அமைதியாக விடுங்கள்.

திருப்பிப் படுக்க வையுங்கள். ஒரே பக்கம் படுத்திருந்தால் ரத்தம் ஓடாது. படுக்கைப் புண் வரும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். நர்ஸிடம் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பின்தலை, தோள், இடுப்பு, குதிகால் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கை கால்களை அசைத்து விடுங்கள். அசைக்காத மூட்டு இறுகிப் போகும். கால் பாதம் கீழ் நோக்கித் தொங்கி, பிறகு நடக்க முடியாமல் போகும். பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டு அவர் சொன்னபடி செய்யுங்கள். பலம் போட்டு இழுக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தீர்த்தம் என்றாலும் வேண்டாம். இளநீர் என்றாலும் வேண்டாம். நினைவில்லாதவருக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். நிமோனியா வரும். உயிருக்கே ஆபத்து. உறவினர்கள் பாசத்தில்தான் கொண்டு வருவார்கள். தீர்த்தத்தை நெற்றியில் தொட்டு வைக்கலாம். மூக்கில் எண்ணெய், பச்சிலைச் சாறு விடுவதும் கூடாது.

குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அப்படியே இருக்கட்டும். சிறுநீர்ப் பையைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்காதீர்கள். அது எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும்.

அவர் திட்டினால்

நினைவு திரும்பும்போது பலருக்குக் கோபம் வரும். குழாயைப் பிடுங்குவார்கள். கெட்ட வார்த்தை சொல்வார்கள். மனைவியைப் பார்த்து, "நீ யார்?" என்பார்கள். கை நீட்டி அடிப்பவர்களும் உண்டு. பல நாள் காத்திருந்தவருக்கு இது பெரிய அடி.

இது அவருடைய குணம் அல்ல. ஆறிக்கொண்டிருக்கும் மூளையின் குழப்பம். பெரும்பாலும் சில நாளிலோ வாரத்திலோ குறையும். எதிர்த்து வாதாடாதீர்கள். "நான் உங்கள் மனைவி. இது ஆஸ்பத்திரி. நீங்கள் விழுந்துவிட்டீர்கள். இப்போது தேறி வருகிறீர்கள்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். கூட்டம் வேண்டாம். கண்ணில் படும்படி நாள்காட்டி மாட்டுங்கள். அவர் கையை நீங்களாகக் கட்டாதீர்கள். நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பணமும் கையெழுத்தும்

ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018இல் தொடங்கியது. தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவம் கிடைக்கும். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் ஆரோக்ய மித்ரா என்ற உதவியாளர் இருப்பார். அவரைக் கேளுங்கள். சாலை விபத்து என்றால் 2025இல் வந்த திட்டப்படி முதல் 7 நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் மருத்துவம் உண்டு. வேலை இடத்தில் விபத்து என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். இ.எஸ்.ஐ., கட்டடத் தொழிலாளர் நல வாரியம் ஆகியவற்றிலும் விசாரியுங்கள். எல்லா பில்லையும் ஒரே பையில் சேர்த்து வையுங்கள்.

நினைவில்லாதவர் கையெழுத்துப் போட முடியாது. அவர் கட்டைவிரலைப் பிடித்து யாரும் ரேகை வாங்க விடாதீர்கள். மேஸ்திரி கேட்டாலும், பங்காளி கேட்டாலும் கூடாது. உங்கள் முன் நீட்டும் காகிதத்தையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுக் காகிதத்தில் போடாதீர்கள்.

மனைவி என்பதற்காக மட்டும் கணவர் பெயரில் உள்ள வங்கிப் பணத்தை எடுக்க முடியாது. அவருக்குப் பாதுகாவலராக நியமிக்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கு வழிமுறை சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

உங்களையும் பாருங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து, டீயும் பன்னும் தின்று மாதக்கணக்கில் இருக்கிறார்கள் பெண்கள். நீங்கள் விழுந்துவிட்டால் அவரை யார் பார்ப்பது? முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இரவு மைத்துனர் இருக்கட்டும். ஒரு நாள் அண்ணன் இருக்கட்டும். ஒரு வேளையாவது சோறு சாப்பிடுங்கள்.

"இவள் வந்த ராசி" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சாரத்தில் கைப்பிடி இல்லாததற்கும், தலையில் ஹெல்மெட் இல்லாததற்கும் மனைவியின் ராசி எப்படிக் காரணம் ஆகும்? காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்குப் போகும் முன் குழாயில் உணவு கொடுப்பது, திருப்புவது, சளி எடுப்பது ஆகியவற்றை நர்ஸ் முன்னால் நீங்களே செய்து காட்டுங்கள். எந்த மாத்திரை எப்போது என்று எழுதி வாங்குங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த அக்காவின் கணவர் 47ஆம் நாள், "தண்ணி" என்றார். 64ஆம் நாள் வீட்டுக்கு வந்தார். இப்போது ஒரு வருடம் ஆகிறது. கம்பு ஊன்றி நடக்கிறார். இடது கை சரியாக வரவில்லை. காலையில் சொன்னது மாலையில் மறந்துவிடுகிறது. இனிச் சாரம் ஏற முடியாது. அக்கா இரண்டு வீட்டில் வேலை செய்கிறார். பழைய ஆள் அப்படியே திரும்பி வரவில்லை. வந்தவரோடு புதிதாகக் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்கிறார். அவர் மறப்பதை எழுதி வைக்க இப்போது வீட்டில் இரண்டாவது நோட்டு ஓடுகிறது. அதில் அவரும் வலது கையால் கொஞ்சம் எழுதுகிறார்.

நினைவில் வையுங்கள்

கண் திறப்பது முதல் படி மட்டுமே.
நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.
2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும்.
பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.
நினைவில்லாதவரின் கைரேகையை யாரும் எடுக்கக் கூடாது.

பேசிப் பார்ப்போம்

உங்கள் ஊரில் யாராவது பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்களா? அவர் மனைவிக்கு அல்லது கணவருக்கு யார் உதவினார்கள்? நாம் என்ன உதவி செய்திருக்கலாம்?

உங்கள் வீட்டுக் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது? அதில் யார் யார் பெயர் இருக்கிறது? எடுத்துப் படித்துப் பாருங்கள்.